அப்பாவின் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்: விலை இலவசம், வேலை அரை நாள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் கேட்கிறது. ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் துணி போர்த்தி வைத்திருக்கும் கணினிகளில் பல மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3 சாமான்தான். காயலான் கடைக்குப் போடும் அளவுக்கு அவை கெட்டுப்போகவில்லை. அப்படிப்பட்ட ஒரு கணினியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-ஐ, சின்னமன் என்ற திரைத் தோற்றம் கொண்ட பதிப்பில் போட்டு, எழுபது வயதைத் தாண்டியவர் தனியாகப் பயன்படுத்தும்படி அமைத்தால் எப்படி இருக்கும் என்பதே இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நிறுவியது நிறுவியபடி விட்டால் இது பெரியவர்களுக்கு ஏற்றதல்ல. எழுத்து சிறிது, ஸ்க்ரோல் பட்டை நூல்போல இருக்கும், தெரியாமல் ஒரு விசையைத் தட்டினால் திரையில் இருந்ததெல்லாம் காணாமல் போகும். ஆனால் இவை அனைத்தையும் திருத்த முடியும், திருத்தியது திருத்தியபடியே கிடக்கும். விண்டோஸில் ஒரு அப்டேட் வந்து ஸ்டார்ட் மெனுவை நகர்த்திவிட்டுப் போகும் தொல்லை இங்கே இல்லை. 22 வரிசைக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2029 ஏப்ரல் வரை வரும். "நேத்து இங்கதானே இருந்துச்சு" என்ற போன் அழைப்பு குறைவதுதான் இதன் பெரிய லாபம்.

என்ன வன்பொருள் வேண்டும்? மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். அது காகிதக் கணக்கு. சின்னமனோடு ஃபயர்ஃபாக்ஸில் நான்கு டேப் திறந்தால் 4 ஜிபி தேவைப்படும், 8 இருந்தால் நிம்மதி. ரேமைவிட முக்கியமானது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு எதைப் போட்டாலும் ஐகானைத் தட்டி இருபது விநாடி காத்திருக்க வேண்டும். பெரியவர் தட்டவில்லையோ என்று நினைத்து இன்னும் மூன்று முறை தட்டுவார், நான்கு விண்டோக்கள் திறக்கும், அங்கே குழப்பம் தொடங்கும். 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டினால் இந்தப் பிரச்சினை அத்தனையும் போய்விடும். தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் ஒன்று வீட்டில் கிடந்து, அதில் 2 ஜிபி ரேம்தான் இருக்கிறது, கூட்டவும் வழியில்லை என்றால், சின்னமனை விட்டுவிட்டு மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பைப் போடுங்கள். கீழே சொல்லும் அமைப்புகளில் முக்கால்வாசி அதிலும் உண்டு, பெயர்கள்தான் மாறும்.

இன்னொன்று, பழைய டெஸ்க்டாப் என்றால் முதலில் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். அது செத்துப்போயிருந்தால் மின்சாரம் போய் வரும்போது தேதி பின்னுக்குப் போகக்கூடும். தேதி தப்பாகவே நின்றால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் வங்கித் தளம் முதல் ஜிமெயில் வரை "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று மிரட்டும். மின்ட்டைக் குறை சொல்லி அரை நாள் தேடுவார்கள். குற்றவாளி அந்த வட்டப் பேட்டரி.

நிறுவுவதில் சிரமம் அதிகமில்லை. சுமார் 3 ஜிபி அளவுள்ள ஐ.எஸ்.ஓ. என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் செயலி கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்க (பூட் செய்ய) வேண்டும். நிறுவும் முன், பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும் லைவ் நிலையிலேயே வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் நான்கையும் சோதித்துவிடுங்கள். சில லேப்டாப்களில் இருக்கும் பிராட்காம் நிறுவன வைஃபை முதலில் வேலை செய்யாது. மொபைலை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி இணையம் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் காட்டும். நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் (வீடியோ, ஒலி ஓட்டும் துணை மென்பொருள்) சேர்க்கவா என்று கேட்கும் பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். மறந்தால் வீடியோக்கள் சில ஓடாது.

பலரும் தவறு செய்யும் இடம் அடுத்ததுதான். நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகிக் கணக்கு. அது கணினியைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கோ மருமகளுக்கோ இருக்கட்டும். பெரியவருக்கு "யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்" மூலம் ஸ்டாண்டர்டு வகைக் கணக்கு தனியாகப் போடுங்கள். யாரோ போனில் பேசி எதையாவது நிறுவச் சொன்னாலும் நிர்வாகி பாஸ்வேர்ட் இல்லாமல் கணினி அளவில் எதுவும் நிறுவ முடியாது. இனி வரும் திருத்தங்களில் பெரும்பாலானவை அந்தந்தக் கணக்குக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், பெரியவரின் கணக்கில் நுழைந்துதான் செய்ய வேண்டும். தன் கணக்கில் எல்லாவற்றையும் அழகாக அமைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வைஃபையும் அப்படித்தான். இணைப்பின் அமைப்பில் "எல்லாப் பயனர்களும் இணையலாம்" என்பதை டிக் செய்யாவிட்டால் பெரியவர் நுழையும்போது இணையம் வராது.

தினமும் பாஸ்வேர்ட் கேட்காமல் நேரே திறக்க "லாகின் விண்டோ"வில் தானியங்கி நுழைவுக்குப் பெரியவரின் பயனர் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. குரோம் திறந்த உடனே "கீரிங்கைத் திற" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். சேமித்த பாஸ்வேர்ட்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம்தான் கீரிங். பாஸ்வேர்ட் போட்டு நுழைந்தால் அது தானாகத் திறந்துகொள்ளும், தானியங்கி நுழைவில் திறக்காது. "பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்" செயலியில் லாகின் கீரிங்கின் பாஸ்வேர்டை வெறுமையாக மாற்றினால் தொல்லை தீரும். அப்படி மாற்றினால் குரோமில் சேமித்த பாஸ்வேர்ட்களுக்கு அந்தப் பூட்டு இல்லாமல் போகும் என்பதால் வங்கிப் பாஸ்வேர்டை அதில் சேமிக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் போதுமென்றால் இந்தப் பிரச்சினையே எழாது. அதே "லாகின் விண்டோ"வில் எண் பலகையை இயக்கும் நம்லாக்கைத் தொடக்கத்திலேயே போடும் வசதியும் இருக்கிறது. நம்லாக்எக்ஸ் என்ற மென்பொருள் பொதியை நிறுவினால்தான் அந்தப் பொத்தான் உயிர் பெறும். வலப்பக்க எண் பலகையில் ஓ.டி.பி. தட்டிப் பழகியவருக்கு இது பெரிய உதவி.

எழுத்தின் அளவுக்கு வருவோம். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பது கடைக்காரர்கள் வரை எல்லோரும் செய்யும் வைத்தியம். எல்.சி.டி. திரைக்கு அதன் இயல்பான புள்ளிக் கணக்கைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் எழுத்தின் ஓரம் மங்கும். கண்புரை உள்ளவருக்கு மங்கலின்மேல் மங்கல். ரெசல்யூஷனைத் தொடாமல் "ஃபான்ட் செலக்‌ஷன்" போய் டெக்ஸ்ட் ஸ்கேலிங் எண்ணை 1.0-லிருந்து 1.3-க்கு ஏற்றுங்கள். 24 அங்குல, 1920×1080 திரையில் 1.4 வரை தாராளமாகப் போகலாம். 1366×768 திரையில் 1.3-ஐத் தாண்டினால் சில பெட்டிகளின் அடியில் இருக்கும் ஓகே பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். அப்போது ஆல்ட்டை அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து மேலே இழுத்தால் பொத்தான் தெரியும். டிஸ்ப்ளே பகுதியில் இருக்கும் பின்ன ஸ்கேலிங் வசதி இன்னும் சோதனை நிலைதான். பழைய இன்டெல் கிராஃபிக்ஸில் அது கணினியை இழுத்தடிக்கும், வேண்டாம்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு, "ணை", "ஞ்சூ" போன்ற நெருக்கமான வடிவங்களுக்குப் போதாது. ஃபயர்ஃபாக்ஸின் அமைப்பில் இயல்பு ஜூம் 133 சதவீதம் வையுங்கள். அங்கேயே எழுத்துரு மேம்பட்ட அமைப்பில் தமிழைத் தேர்ந்து, குறைந்தபட்ச அளவை 16 அல்லது 18 ஆக்கினால் தினசரிகளின் தளங்களில் பொடி எழுத்து மறையும். சில தளங்களில் மெனு ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பழைய வேர்டு கோப்புகளில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்தவை இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை தட்டி நிறுவாத வரை கோப்பு முழுக்கக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

மவுஸில் செய்ய வேண்டியவைதான் அதிகப் பலன் தருபவை. டபுள் கிளிக் என்பது கை நடுங்குபவருக்கு ஒரு தண்டனை. முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் இடையில் மவுஸ் நகர்ந்து, ஐகான் திறப்பதற்குப் பதில் இடம் பெயரும். கோப்பு மேலாளரான நெமோவைத் திறந்து எடிட், பிரிஃபரன்ஸஸ், பிஹேவியர் போய் ஒற்றைத் தட்டில் திறக்கும்படி மாற்றுங்கள். டெஸ்க்டாப் ஐகான்களுக்கும் அதுவே பொருந்தும். பிறகு மவுஸ் அமைப்பில் பாயின்டரின் அளவை ஏற்றி, வேகத்தைக் குறைத்து, கன்ட்ரோல் விசையை அழுத்தினால் பாயின்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை இயக்குங்கள். "அம்பு எங்கே போச்சு" என்ற கேள்விக்கு அதுதான் பதில். தீம்ஸ் பகுதியில், மறைந்து மறைந்து தோன்றும் ஓவர்லே ஸ்க்ரோல் பட்டையை அணைத்து, பட்டையின் அகலத்தையும் கூட்டுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குள் "ஸ்க்ரோல் பட்டையை எப்போதும் காட்டு" என்பதைத் தனியாகத்தான் டிக் செய்ய வேண்டும், மின்ட்டில் மாற்றியது அங்கே முழுதாகப் போய்ச் சேராது. ஒயர்லெஸ் மவுஸ் வேண்டாம். பேட்டரி தீர்ந்த அன்று கணினியே கெட்டுவிட்டதாக முடிவாகிவிடும்.

இனி நீக்கல் வேலை. சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் இந்தக் கணினி பெரியவருக்கு ஏற்றதாக மாறுகிறது. சின்னமன் நான்கு ஒர்க்ஸ்பேஸ்களோடு, அதாவது மாறி மாறிப் பார்க்கும் நான்கு தனித் திரைகளோடு வருகிறது. கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றும் தெரியாமல் சேர்ந்து அழுந்தினால் வெற்றுத் திரை ஒன்று வந்து நிற்கும், திறந்து வைத்த அனைத்தும் போய்விட்டதாகத் தோன்றும். கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பை அழுத்தி வரும் காட்சியில் மூன்றை நீக்கி ஒன்றை மட்டும் விடுங்கள். மின்ட்டின் சிஸ்டம் அமைப்புகளில் "விண்டோஸ்" என்ற பகுதியில் போய், தலைப்புப் பட்டியிலிருந்து மினிமைஸ் பொத்தானை எடுத்துவிடலாம். விண்டோ "காணாமல்" போவதற்கு முக்கியக் காரணம் அந்தச் சின்னக் கோடுதான். தலைப்புப் பட்டியில் சக்கரத்தை உருட்டினால் நடக்கும் செயலையும் "ஒன்றுமில்லை" என வையுங்கள். ஆல்ட் சக்கரத்தோடு சேர்ந்து திரையைப் பெரிதாக்கும் டெஸ்க்டாப் ஜூம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தவறுதலாக ஏறிவிட்டால் இறக்கத் தெரியாமல் திணறுவார்கள். கண்பார்வை மிகவும் குறைந்தவருக்கு மட்டும் அதை இயக்கிச் சொல்லிக்கொடுங்கள்.

திரையின் அடியில் இருக்கும் பட்டையான பேனலின் உயரத்தை 40-லிருந்து 56 அல்லது 60-க்கு உயர்த்தலாம். அடியில் சின்னச் சின்ன ஐகான்கள் குவிந்திருக்க வேண்டாம். நெட்வொர்க், ஒலி, கடிகாரம் போதும். வரவேற்புத் திரையின் தொடக்க டிக்கை எடுங்கள், ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸை நிறுத்துங்கள். அப்டேட் மேனேஜரின் ஆட்டோமேஷன் பக்கத்தில் அப்டேட்களும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகளை நீக்குவதும் தானாக நடக்கும்படி விட்டால் பெரியவரிடம் அது எதையும் கேட்காது. ஸ்க்ரீன் லாக்கையும், கணினியைத் தூங்க வைக்கும் சஸ்பெண்டையும் அணைத்துவிடுங்கள். சில பழைய மதர்போர்டுகள் சஸ்பெண்டிலிருந்து எழுந்திருப்பதே இல்லை. காது மந்தமானவருக்கு சவுண்ட் அமைப்பில் உச்ச ஒலியை 150 சதவீதம் வரை உயர்த்தும் வசதி இருக்கிறது. மலிவான ஸ்பீக்கரில் கரகரக்கும், ஆனாலும் கேட்கும்.

டெஸ்க்டாப்பில் ஆறு ஐகானுக்கு மேல் வேண்டாம். மின்ட்டின் வெப் ஆப் மேனேஜர் இங்கே உண்மையிலேயே சிறப்பான கருவி. ஒரு தளத்தின் முகவரியும் பெயரும் கொடுத்தால் அதைத் தனிச் செயலிபோல ஆக்கித் தருகிறது. பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம்: "செய்தி", "பாட்டு", "வாட்ஸ்அப்", "மின்கட்டணம்". மெனுவில் அதை வலது கிளிக் செய்து டெஸ்க்டாப்பில் சேர்த்துவிடலாம். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் மூலம் உருவாக்கும் வெப் ஆப் தனி புரொஃபைலில், அதாவது தனக்கென்று தனி அமைப்புகளோடு ஓடுகிறது. முதன்மை ஃபயர்ஃபாக்ஸில் வைத்த ஜூமும் விளம்பரத் தடுப்பும் அதற்குப் போகாது, ஒவ்வொன்றிலும் மறுபடி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் அதிகாரப்பூர்வச் செயலி கிடையாது, வெப் வடிவம்தான். போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்தால் கணினி இணைப்பு அறுந்து மறுபடி க்யூ.ஆர். கேட்கும். வீடியோ அழைப்புக்கு ஜூம் செயலியோ கூகுள் மீட்டோ நம்பகமானவை.

தமிழ் இடைமுகம் வைக்கலாமா? சின்னமனின் தமிழாக்கம் முழுமையாக இல்லை. ஒரே பெட்டியில் இரண்டு வரி தமிழும் மூன்று வரி ஆங்கிலமுமாக இருப்பதைவிட, ஆங்கிலத்திலேயே விட்டு ஐகான் பெயர்களை மட்டும் தமிழில் வைப்பது மேல். தட்டச்சில் குறையில்லை. ஐபஸ் எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டோடும் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகையும் வருகிறது. அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவருக்கு அந்தக் கடைசி அமைப்பை வைத்துக் கொடுத்தால் விரல்கள் தானாக ஓடும். தட்டவே வேண்டாமென்றால் குரோமில் கூகுள் டாக்ஸ் திறந்து வாய்ஸ் டைப்பிங்கில் தமிழைத் தேர்ந்து பேசலாம்.

பாதுகாப்பில், விண்டோஸுக்கான வைரஸ்கள் இங்கே ஓடாது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மோசடிக்காரர்கள் குறி வைப்பது ஆளை, கணினியை அல்ல. "உங்கள் கணினியில் வைரஸ்" என்று திரை நிறைத்து போன் நம்பர் காட்டும் பக்கம் மின்ட்டிலும் வரும். எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், ஆல்ட் எஃப்4 அதை மூடும். இந்த இரண்டையும் திரையின் ஓரத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் தனியுரிமை அமைப்பில், அறிவிப்பு அனுமதி கேட்கும் புதிய கோரிக்கைகளை மொத்தமாகத் தடுக்கும் டிக் ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் கண்ட கண்ட தளத்தின் "அலவ்" பொத்தானைத் தட்டி வரும் விளம்பரங்கள் நிற்கும். விளம்பரத் தடுப்புக்கு யூபிளாக் ஆரிஜின். தொலைவிலிருந்து உதவ ரஸ்ட்டெஸ்க் நன்றாக வேலை செய்கிறது. சின்னமன் இன்னும் இயல்பாக எக்ஸ்11 என்ற பழைய திரை முறையில் ஓடுவதால் திரையைக் கட்டுப்படுத்துவதில் சிக்கலில்லை. ஆனால் மோசடிக்காரர்கள் கேட்பதும் இதே வகைக் கருவியின் எண்ணைத்தான். எண்ணைக் குடும்பத்தார் குறித்து வைத்துக்கொண்டு, நிரந்தரப் பாஸ்வேர்டையும் அவர்களே வைத்திருந்தால், பெரியவர் போனில் யாருக்கும் எதையும் படித்துச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும், அந்த எண்ணும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.

டைம்ஷிஃப்ட் என்னும் மீட்புக் கருவி மின்ட்டோடு வருகிறது. அமைப்பு கெட்டால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். ஆனால் அது இயல்பாகப் பயனரின் கோப்புகளைச் சேமிப்பதில்லை. பேரன் பேத்தி போட்டோக்கள் அதில் இருப்பதாக நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம், அவற்றுக்குத் தனி பேக்கப் தேவை. தினசரி நகல் இரண்டு போதும். ஐந்து, பத்து என்று விட்டால் 120 ஜிபி டிஸ்க் நிரம்பி, ஒரு நாள் உள்ளே நுழையவே முடியாமல் போகும்.

வேறு தேர்வுகள்? உலாவியைத் தவிர எதையும் தொடாதவர் என்றால் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இதைவிட எளிது. ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடாது, கூகுள் கணக்கு இல்லாமல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஜோரின் ஓஎஸ் கண்ணுக்கு அழகு, பழைய கணினியில் சின்னமனைவிடக் கொஞ்சம் கனம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையில் உருவாக்கும் பாஸ் லினக்ஸில் இந்திய மொழி வசதிகள் உண்டு. சிக்கல் வந்தால் இணையத்தில் தேடி விடை கிடைக்கும் வாய்ப்பில் மின்ட் வெகுதூரம் முன்னால் இருக்கிறது.

மின்ட் போடக் கூடாத வீடுகளும் உண்டு. டாலியில் கணக்கு எழுதுபவர், யு.எஸ்.பி. டோக்கனில் டிஜிட்டல் கையொப்பம் வைத்து வருமான வரி அல்லது ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. ஓய்வூதியதாரரின் ஜீவன் பிரமாண் வாழ்நாள் சான்றை இந்தக் கணினியில் முயல வேண்டாம், ஆண்ட்ராய்டு போனில் முக அடையாளம் கொடுத்து முடித்துவிடலாம். பிரிண்டரில் ஹெச்.பி. மாடல்கள் பெரும்பாலும் மாட்டியதும் வேலை செய்யும். நம் ஊர் வீடுகளிலும் கடைகளிலும் எங்கும் காணப்படும் கேனான் எல்.பி.பி. 2900 இருந்தால் மட்டும் யோசியுங்கள். அதன் கேப்ட் டிரைவர் மிகப் பழையது, பழைய 32 பிட் துணைக் கோப்புகளைக் கேட்கும், ஒரு நாள் ஓடி மறுநாள் மௌனமாகிவிடும். அந்தப் பிரிண்டர் அவசியம் என்றால் விண்டோஸ் இருக்கும் இன்னொரு கணினியோடு அதை மாட்டி நெட்வொர்க்கில் பகிரலாம். இல்லையென்றால் பி.டி.எஃப். ஆகச் சேமித்துத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதே சுலபம்.